நெடுங்கால்களின் வம்சம்

1910ஆம் ஆண்டில் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பெற்று, 1985இல் மூன்றாகப் பிரியும் வரையில் கிழக்கே ராமேசுவரத்துக் கரையின் பனங்காடுகளையும் மேற்கே ராஜபாளையத்து மலையடிவாரத்தையும் ஒருங்கே அடக்கியிருந்த பழைய ராமநாதபுரம் ஜில்லாவுக்குச் சேதுபதி மன்னர்களால் வந்த கீர்த்தியோடு மற்றொரு கீர்த்தியும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை என்று ஊர்ப்பெயரையே இனப்பெயராகத் தாங்கிய நாய்கள் அந்த எல்லைக்குள் தோன்றியவை.

முயல் வேட்டைக்குரிய சிப்பிப்பாறையின் நீண்ட கால்களையும் ஆழ்ந்த மார்பையும் ஒட்டிய வயிற்றையும் அழகென்று மெச்சுகிறோம். அவற்றை வடித்த சிற்பி, மழை குன்றிய வெட்டவெளியும் அதிலே பாய்ந்தோடிய முயலுமே. கால் கோணியதோ வளர்ச்சி குன்றியதோ ஆன குட்டி முதல் ஓட்டத்திலேயே பின்தங்கியிருக்கும். அதனிடமிருந்து சந்ததி பெருக்க எவரும் விரும்பியிரார். இரக்கமற்ற பரீட்சைதான், ஆனால் லஞ்சத்துக்கு இடமில்லாதது.

ஜெர்மானியர் இதற்கு நேர்மாறான காரியம் செய்தனர். வளைகளில் வாழும் பிராணிகளைப் பூமிக்குள்ளேயே சென்று மடக்குவதற்காக, கால் குறுகிய டாக்ஸ்ஹுண்ட் என்னும் நாயைப் பேணிப் பெருக்கினர். அங்கே குள்ளம் குறையன்று, யோக்கியதை. எஃப்ஜிஎஃப்4 என்னும் ஜீனின் உபரிப் பிரதியொன்று எக்காலத்திலோ இடம் மாறிப் புகுந்ததே அக்குட்டைக்கால்களுக்குக் காரணம் என்று 2009இல் விஞ்ஞானிகள் கண்டனர். வேறொரு குரோமோசோமில் புகுந்த இன்னொரு பிரதி முதுகெலும்பு வட்டுகளை இளமையிலேயே கெடுக்கிறதென்பது 2017இல் வெளிவந்தது.

இவ்வகைக் குள்ளம் ஒரு பிரதியாலேயே வெளிப்படுவதால் கண்ணுக்குத் தப்பாது. ஜெர்மன் ஷெப்பர்டில் பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறால் நேரும் குள்ளமோ, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற ஜீன் வந்தாலன்றித் தோன்றாது. ஒன்றை மட்டும் சுமக்கும் நாய் பூரண ஆரோக்கியத்துடன் ஓடும், எத்தனை கடுமையான வேட்டையும் அதைக் கழிக்காது. நம் வெட்டவெளிப் பரீட்சையின் எல்லையும் அதுவே.

இன்று அந்தப் பரீட்சையும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கிற்று. வெட்டவெளியில் பல இடங்களைச் சீமைக்கருவேல் மூடிவிட்டது. தேர்வு இப்போது மனிதரின் கண்ணுக்கு வந்துவிட்டது; அந்தக் கண்ணோ காண விரும்புவதையே காண்கிறது. வெண்ணிறத்தையே வேண்டிப் பெருக்கிய ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது அதற்குச் சாட்சி. சில வீடுகளின் கையில் ஒடுங்கிய இனத்தில் உறவுக்குள்ளேயே சேர்க்கை நிகழுமாயின், மறைந்து கிடக்கும் ஜீன்கள் ஒன்றையொன்று சந்திக்கும் வாய்ப்பும் வளரும். ஒரே பழுதுற்ற ஜீனைச் சுமக்கும் இரண்டு நாய்கள் கூடினால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு நோய். குட்டி வாங்க வருவோர் மூக்கின் நிறத்தையும் காலின் உயரத்தையும் உன்னிப்பாய் விசாரிக்கிறார்கள்; அதன் பாட்டன் எந்த வீட்டு நாய் என்று கேட்பவர் அரிது.