தென்காசிப் பாண்டியரின் கவசங்கள்

போன ஆனி மாதக் கடைசியில் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. குற்றாலம் மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்ததால் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஐந்தருவியிலும் அதே கதைதான். துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாகப் போனவர்கள் நனையாமல் தென்காசி வீட்டுக்குத் திரும்பினோம். என் தங்கை மகன் பிளஸ் டூ படிக்கிறான், லீவுக்கு வந்திருந்தான். திண்ணையில் சாய்ந்து ஒரு ஜப்பானிய மாங்கா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று கூப்பிட்டான்.

"மாமா, இதப் பாருங்க. இந்தக் கவசத்துக்கு உசுரு இருக்கு."

கென்டாரோ மியூரா 1989இல் தொடங்கி, 2021இல் இறக்கும்வரை வரைந்த 'பெர்செர்க்' அது. கதாநாயகன் கட்ஸ் ஒரு கறுப்புக் கவசத்தை அணிகிறான். அணிந்துவிட்டால் வலி தெரியாது. எலும்பு முறிந்தால் கவசமே உள்ளே முட்களைச் செலுத்தி முறிந்த இடத்தைப் பிடித்து நிறுத்தும். அவன் தொடர்ந்து சண்டை போடலாம். ஆனால் புத்தி தடுமாறும், எதிரி யார் நண்பன் யார் என்று தெரியாமல் போகும், உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அழியும். இதற்கு முன்பே, எண்பதுகளில், மசாமி குருமாடா வரைந்த 'செயின்ட் செயா'விலும் கவசங்களுக்கு உயிர் உண்டு. அவை சாகும். செத்த கவசத்தை எழுப்ப வீரன் தன் ரத்தத்தைக் கொட்டித் தர வேண்டும்.

"நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒண்ணும் கெடையாதா மாமா?"

"ஏன்ல இல்லாம? கர்ணன் இருக்கான்லா" என்றேன். அவனுக்குக் கர்ணனைத் தெரியும். 1964இல் வந்த சிவாஜி படத்தின் வழியாகத்தான் என்றாலும் தெரியும். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. எனக்குத்தான் முடியவில்லை. அவன் கேள்விக்கு இன்னும் பக்கத்தில், தென்காசியிலேயே, ஒரு பதில் இருக்கிறது என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது.

முதலில் கர்ணன். வியாச பாரதத்தின் வன பர்வத்தில் அவனுடைய கவசம் செய்து மாட்டியது கிடையாது. பிறக்கும்போதே தோலோடு வந்தது, அவனோடு வளர்ந்தது. இந்திரன் அந்தணனாக வந்து கேட்பான் என்று சூரியன் கனவில் எச்சரித்தும் கொடுக்கிறான். கழற்றிக் கொடுக்க முடியாது, அறுத்துத்தான் கொடுக்க வேண்டும். அறுத்துக் கொடுத்ததால்தான் வைகர்த்தனன் என்ற பேர். அறுத்த பிறகு உடம்பு விகாரமாகத் தெரியக் கூடாது என்று அவன் வரம் கேட்கும் இடத்தில் எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். சாகப்போவது தெரிந்தவனுக்கும் பார்க்கிறவர்கள் கண்ணைப் பற்றி ஒரு கவலை இருக்கிறது. நெல்லையப்பர் கோயிலிலும் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலிலும் நாயக்கர் காலச் சிற்பிகள் கர்ணனையும் அர்ச்சுனனையும் தூணில் நிறுத்தியிருக்கிறார்கள். கிருஷ்ணாபுரத்துக் கர்ணன் கையில் நாகாஸ்திரம் இருக்கிறது. கவசத்தைக் கொடுத்துவிட்டு அம்பை மட்டும் வைத்திருப்பவன்.

சங்க காலத்துக் கவசம் வேறு மாதிரி. புறநானூற்றின் 13ஆம் பாட்டில் யானை மேல் வரும் சோழனின் கவசம் புலித்தோல், அம்பு பட்டுக் கிழிந்திருக்கிறது. ஒரு காலத்தில் உயிரோடு திரிந்த கவசம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பதிற்றுப்பத்தின் 14ஆம் பாட்டுக்குப் பெயரே 'சான்றோர் மெய்ம்மறை'. மெய்ம்மறை என்றால் உடம்பை மறைப்பது, கவசம். குமட்டூர்க் கண்ணனார் அதை இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனுக்குச் சொல்கிறார். சான்றோர் என்றால் இங்கே போர்வீரர்கள். தன் வீரர்களுக்குக் கவசமாக முன்னால் நிற்பவன் அரசன். ஆக, உயிருள்ள கவசம் என்ற எண்ணம் தமிழுக்குப் புதிதில்லை. அரசனே கவசமாக இருந்தான்.

அந்த அரசன் தோற்றுப்போனால்? தென்காசியின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1311இல் மாலிக் காபூர் மதுரைக்கு வந்து போனான். அதன்பின் சில பத்தாண்டு சுல்தான்கள், பிறகு விஜயநகரத்துக் குமார கம்பணன், கடைசியாக நாயக்கர்கள். பாண்டியர் தெற்கே தள்ளப்பட்டுப் பொதிகை மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1446இல் தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினார். கோபுரத்தை அவருக்குப் பின் தம்பி குலசேகரர் முடித்தார். அந்தக் கோயிலில் பராக்கிரமரின் கல்வெட்டுப் பாட்டுகள் இருக்கின்றன. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குச் சேதம் வந்து யாராவது பழுது பார்த்தால், அவர்கள் காலில் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்கிறார். ஓர் அரசர், இன்னும் பிறக்காத யாரோ ஒருவர் காலில் விழுகிறார். தன் படையோ தன் வம்சமோ இதைக் காப்பாற்றும் என்று அவர் நம்பவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். அவர் பயந்தது நடந்தது. எங்கள் அப்பா காலத்தில் அது பிளந்துபோன மொட்டைக் கோபுரம். இன்று நாம் பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரம் 1990இல் மறுபடி எழுந்தது.

1530களில் ஆண்ட சீவல்லப பாண்டியருக்கு 'இறந்தகாலமெடுத்த' என்று ஒரு பட்டம். போன காலத்தை மீட்டு எடுத்தவர். திருவிதாங்கூரோடு தகராறு வந்து, அச்சுத தேவராயரின் படை தாமிரபரணிக் கரை வரை வந்த பிறகு கிடைத்த மூச்சு அது. அடுத்தவர் படையால் கிடைத்த வெற்றிக்கு எவ்வளவு பெரிய பட்டம் என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. போனதை எடுத்துவிட முடியும் என்று ஒரு தலைமுறை நம்பியிருக்கிறது.

அதற்கடுத்த தலைமுறை அந்த நம்பிக்கையையும் விட்டது. மதுரை நாயக்கருக்குக் கப்பம் கட்டிக்கொண்டு, 1564 வாக்கில் அதிவீரராம பாண்டியர் பட்டத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கும் வெற்றிவேற்கை அவருடையது. நைடதம், காசி காண்டம், கூர்ம புராணம் என்று வரிசையாக எழுதினார். அவருடைய உறவினர் வரதுங்கராம பாண்டியர் 1588இல் முடிசூடினார். அவருக்கு இடம் கரிவலம்வந்தநல்லூர், இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள் இருக்கும் ஊர்தான். அவர் எழுதியது பிரமோத்தர காண்டம்.

இந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு கவசம் செய்தார்கள் என்பதுதான் நான் என் மருமகனுக்குச் சொல்ல மறந்த விஷயம்.

அதிவீரராமரின் காசி காண்டத்தில் வருவது சத்தி கவசம். வடமொழிக் காசி கண்டத்தில் அதற்கு வச்சிரபஞ்சரம் என்று பெயர், வைரத்தால் ஆன கூண்டு. வரதுங்கராமரின் பிரமோத்தர காண்டத்தில் வருவது சிவகவசம். திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வீடுகளில் தனிப் புத்தகமாக இன்றும் விற்கிற, விளக்கேற்றும் நேரத்தில் சொல்கிற அதே சிவகவசம்தான். சொல்கிற பாதிப் பேருக்கு எழுதியவர் ஒரு பாண்டிய அரசர் என்று தெரியாது.

சிவகவசத்துக்குள் ஒரு கதை இருக்கிறது. பத்திராயு ஓர் அரச குமாரன். குழந்தையிலேயே நோயில் கிடந்து, தாயோடு அரண்மனையிலிருந்து துரத்தப்பட்டவன். வணிகர் வீட்டில் வளர்கிறான். இடப முனிவர் வந்து அவனுக்கு இந்தக் கவசத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். திருநீறு பூசி, ஒரு சங்கும் ஒரு வாளும் தருகிறார். அவன் உடம்பில் 12,000 யானைகளின் பலம் ஏறுகிறது. அப்புறம்தான் அவன் போருக்குப் போகிறான். எந்த அப்பா துரத்தினாரோ அவரையே எதிரியிடமிருந்து மீட்கிறான். மாங்காக்காரர்களுக்குக் கிடைத்தால் விடமாட்டார்கள்.

நாட்டை இழந்த ஒரு வம்சத்து அரசர், நாட்டை இழந்த ஒரு பிள்ளைக்குக் கவசம் கிடைக்கும் கதையை ஏன் எடுத்துத் தமிழில் பாடினார் என்பதற்குக் கல்வெட்டுச் சான்று எதுவும் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அந்தக் கவசம் வேலை செய்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் இறைவனின் ஒரு பெயரைக் காவல் வைப்பார்கள். கொல்லன் தகடு தகடாக அடித்துப் பூட்டுகிற மாதிரிதான். திசைகளுக்கும் காவல் உண்டு. பிறகு பொழுதுகள், பகலின் ஒவ்வொரு சாமத்துக்கும் இரவின் ஒவ்வொரு சாமத்துக்கும் ஒரு காவல். நிற்கும்போது ஒன்று, நடக்கும்போது ஒன்று, படுக்கும்போது ஒன்று. மூலமான வடமொழிச் சிவகவசத்தில் காலாள், குதிரை, யானை என்று அக்குரோணிக் கணக்கில் வரும் படை, திருடன், புலி, கரடி எல்லாம் பட்டியலில் உண்டு. கடைசிப் பக்கம் வரும்போது கெட்ட கனவும் பஞ்சமும் மனச்சோர்வும் சேர்ந்துகொள்கின்றன. இரும்புக் கவசம் எதுவும் மனச்சோர்வைத் தடுத்ததாக நான் படித்ததில்லை.

தமிழில் இதற்கு வேறு வேர்களும் உண்டு. நூல் எழுதினால் காப்புச் செய்யுள். பிள்ளைத்தமிழ் பாடினால் முதல் பருவம் காப்பு. திருவிழாவுக்குக் கொடியேறினால் காப்புக் கட்டு. கையில் போடும் வளையத்துக்கும் காப்பு என்றே பேர். சொல்லும் உலோகமும் ஒரே பேரில் நடமாடும் ஊர் இது. இதே வழியில்தான் பின்னால் தேவராய சுவாமிகளின் கந்த சஷ்டி கவசம் வந்து, ஒலிநாடா வழியாக வீட்டுக்கு வீடு போனது.

சொல்லே கிடைக்காதவனுக்கும் ஒரு கதை இருக்கிறது. இந்த மாவட்டத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் தளபதி வெண்ணிக் காலாடியைப் பற்றிச் சொல்வார்கள். வயிறு கிழிந்து குடல் சரிந்தபோது தலைப்பாகையை அவிழ்த்து வயிற்றைக் கட்டிக்கொண்டு சண்டை போட்டாராம். மருமகனிடம் இதைச் சொன்னபோது, "மாமா, இது அப்படியே பெர்செர்க்!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டான். முட்களுக்குப் பதில் ஒரு முழத் துணி, அவ்வளவுதான். வலி தெரியாமல் செய்ய அந்தத் துணிக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் இந்தப் பாண்டியர் கதை முழுவதையும் அவனிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டான். கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"சரி மாமா. அது வேலை செஞ்சுதா?"

வரலாற்றைப் பார்த்தால் செய்யவில்லை. வரதுங்கராமருக்குப் பின் சில ஆண்டுகளில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு, தென்காசிப் பாண்டியரின் கல்வெட்டுகள் நின்றுபோகின்றன. அதோடும் முடியவில்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி அலைந்த காலத்தில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனார். அந்த ஊர்ப் பாண்டியருடைய ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுத்தான் போனார். குப்பையாகக் கிடந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் போட்டுவிட்டோம், சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று அங்கே அவருக்குப் பதில் கிடைத்தது. எந்த எதிரியும் வரவில்லை. பூசை செய்வதாக நினைத்தே எரித்தார்கள். கவசத்தின் பட்டியலில் அந்த ஆபத்து மட்டும் விட்டுப்போயிருக்கிறது.

இதைச் சொல்லி முடிக்கையில் அவன் இன்னொன்று கேட்டான், குரலைத் தாழ்த்தி. "தாத்தா ஆஸ்பத்திரில இருக்கும்போது ஆச்சி ராத்திரி பூரா அததான சொன்னாங்க?"

ஆமாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவை உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அம்மா சிவகவசத்தைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஒவ்வோர் உறுப்பாக. நெஞ்சு வரும் இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப. எனக்கு எரிச்சலாக இருந்தது. "கொஞ்சம் சும்மா இரேன்மா" என்றுகூடச் சொன்னேன். விடிகாலையில் அப்பா போய்விட்டார். அதன்பின் அந்தப் புத்தகத்தை வீட்டில் எங்கே பார்த்தாலும் நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். இந்தப் பாண்டியர்களைப் பற்றி இத்தனை படித்தும் கர்ணனைத் தாண்டி வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது.

அம்மா உள்ளே விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கிறது.

"ஏல, அவுக பொழைக்கலதான். அதுக்கு என்ன செய்ய?" என்றாள். "அன்னைக்கு ராத்திரி டாக்டரு உள்ள விடமாட்டேன்னுட்டாரு. அவுக மேல கைய வைக்க முடியல. அதச் சொல்லச் சொல்ல, தலையில இருந்து கால் வர ஒவ்வொரு எடமா தொட்டுக்கிட்டே இருந்தேன். அது இல்லைன்னா அந்த ராத்திரிய நான் என்ன செஞ்சிருப்பேன்?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.

கொஞ்ச நேரத்தில் விளக்கேற்றி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு அவள் வழக்கம்போலத் தொடங்கினாள். நானூறு வருஷத்துக்கு முன்னால் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பாண்டியர் கோத்த சொற்கள். எரிந்துபோன ஏடுகளில் இந்தப் பாட்டும் இருந்ததா, யாருக்குத் தெரியும். மருமகன் மாங்காவைக் கவிழ்த்து வைத்திருந்தான். வெளியே மறுபடி சாரல் பிடித்தது. நெஞ்சு வருகிற இடத்தை அம்மா ஒரே தடவை சொல்லிவிட்டு மேலே போனாள்.