அரை இன்ச் ஜல்லி

செங்கல்பட்டுப் பக்கத்துக் குவாரிகளில் வெடி வைத்துப் பெயர்க்கிற கருங்கல்லுக்கு வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளும் இதே ரகம்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை மேல் கிடப்பதும் இந்தக் கல்தான். அதைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் இதற்கு சார்னோகைட் என்று பேர் வைத்தார். நம்ம ஊர்க் கல்லுக்கு வங்காளத்தில் புதைந்த வெள்ளைக்காரரின் பேர். போகட்டும்.

கிரஷரில் நொறுங்கி, சல்லடையில் விழுந்து, அரை இன்ச் ஜல்லியாகி டிப்பரில் ஏறுகிறது கல். ஹாட்மிக்ஸ் பிளாண்டின் சுழலும் டிரம்மில் 150 டிகிரிக்கு மேல் வறுபடுகிறது. அதன் பிறகுதான் தாரோடு சேர்க்கை. மணலி சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்தெடுத்தபின் அடியில் தங்குகிற கசடு அந்தத் தார். நூறு கிலோ கலவையில் அது ஐந்தாறு கிலோ தேறினால் அதிகம், மிச்சமெல்லாம் கல்லும் கல்தூளும். தார் ரோடு என்பது வாய்ப்பழக்கம்.

அப்புறம் ஒரே அவசரம். தார்ப்பாய் போர்த்திய லாரி ராத்திரியில் தெருவுக்குள் நுழைகிறது. கலவையின் சூடு நூறு டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் ரோலர் அழுத்தி முடித்தாக வேண்டும். ஆறிப்போன கலவை இறுகாது, பிறகு எத்தனை தடவை உருட்டினாலும் பயனில்லை.

அப்படிப் போட்ட ரோட்டைக் கெடுப்பது வண்டியைவிடத் தண்ணீர். குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் வெட்டி, அரைகுறையாக மூடிய பள்ளம் அதற்கு வாசல். உள்ளே போன ஈரம் கல்லுக்கும் தார்ப் படலத்துக்கும் நடுவே புகுந்து இரண்டையும் பிரித்துவிடும். மழை விட்ட மறுநாள் குழியோரம் சிதறிக் கிடக்கும் ஜல்லியில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கறுப்பு ஒட்டியிருக்கும், மறுபக்கம் கழுவி வைத்ததுபோல் நீலச் சாம்பல். சூடான ஜல்லி மேல் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவி உருக்கினால் ஈரம் எளிதில் புகாது என்று காட்டியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன். 2018-இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி இருந்தது. இப்போது ஒன்றுதான் தெரிகிறது. பழையதைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதிதைக் கொட்டிவிட்டுப் போனார்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. வெயிலில் காய்ந்து கிழடு தட்டுவது தார் மட்டும்தான், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. மில்லிங் மெஷினால் சுரண்டியெடுத்து, புதுத் தாரும் கொஞ்சம் சேர்த்துச் சூடாக்கினால் அதே ஜல்லி இன்னொரு தெருவுக்குப் போகும். எங்கள் தெருவிலோ நல்ல கல் அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்க, மழைத் தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது.

பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு உத்தரவிட்டார். உங்கள் தெருவில் ரோடு போடும் பேவர் மெஷின் வந்து நிற்கும் முன் வாசற்படியிலிருந்து ரோடு எத்தனை அங்குலம் என்று டேப் பிடித்து அளந்து, ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். சுரண்டாமல் கொட்ட ஆரம்பித்தால் அப்போதே போனை எடுங்கள். சென்னை மாநகராட்சியின் புகார் எண் 1913.