கோடு போடும் உரிமை

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில், மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் மேலே ஒற்றை மாடியில் நடக்கும் தையல் பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் மாறிவிட்டன. ‘தையற் பயிற்சி நிலையம்’ என்பதோடு ‘ஃபேஷன் டிசைனிங்’, ‘ஆரி வேலைப்பாடு’ என்பனவும் இப்போது சேர்ந்திருக்கின்றன. அங்கே படித்த பெண்கள் மணப்பெண் உடைக்குத் தனிக்கடை வைக்கிறார்கள். சிலர் ஆடை வடிவமைப்பில் பட்டம் படிக்கப் போகிறார்கள். இதைக் கண்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. ஆறு மாதம் ஜாக்கெட் தைக்கக் கற்றவர் டிசைனர் ஆகிவிட முடியுமா என்று கேட்கிறார்கள். தையல் கைத்தொழில், வடிவமைப்பு கலை, இரண்டுக்கும் நடுவில் தாண்ட முடியாத சுவர் என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கும் கேள்வி இது. அந்தச் சுவர் தானாக எழுந்ததல்ல என்பதே என் வாதம். தமிழ்ப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த தொடக்ககாலப் பள்ளிகளிலேயே அதற்கு அடித்தளம் போடப்பட்டது. பின்னால் வந்த தேர்வுமுறையும் நலத்திட்டமும் நுழைவுத்தேர்வும் ஆளுக்கொரு வரிசை கல் அடுக்கின.

நாகர்கோவிலிலிருந்து தொடங்குவது பொருத்தம். இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819இல் தெற்குத் திருவிதாங்கூர் வந்தார்கள். மார்த்தா நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடும் தையலோடும் லேஸ் பின்னலும் பாடமானது. அந்த வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். உருண்டையான கெட்டித் தலையணை ஒன்றை மடியிலோ தாங்கியிலோ வைத்து, அதன்மேல் ஊசியால் துளையிட்ட ஒரு காகிதத்தைப் பொருத்துவார்கள். துளைகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இணை இணையாக மாற்றிப் போட்டு, குண்டூசிகளைச் சுற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். எத்தனை இணைக் கட்டைகள் இருந்தாலும் எதை எதன்மேல் போடுவது என்பதை விரல் நினைவில் வைத்திருக்கும். அசாத்தியமான திறமைதான். ஆனால் பூ எங்கே வரும், ஓரம் எப்படி வளையும் என்பதையெல்லாம் அந்தத் துளைக் காகிதம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. மால்ட் அம்மையார் கற்பித்தது இங்கிலாந்து வழக்கத்து லேஸ். துளையிட்டவர் ஒருவர், பின்னியவர் இன்னொருவர். வாழ்க்கையில் இந்த லேஸ் கொண்டுவந்த மாற்றம் சிறியதல்ல. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் பதிவுகள் பேசுகின்றன. மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது பள்ளியும் லேஸும் அவரோடு திருநெல்வேலிச் சீமைக்குள் நுழைந்தன. பெண்ணின் கைக்கு விலை உண்டு என்பதை நிலைநாட்டியது இந்தப் பள்ளிகளின் பெரிய சாதனை. அவள் போடும் கோட்டுக்கும் விலை உண்டு என்பதை அவை யோசித்ததாகத் தெரியவில்லை.

கல்வி முழுக்க வெள்ளைக்கார அம்மையாரின் கையில் இருந்தது, மாணவிகள் பின்னியதும் தைத்ததும் மட்டும்தான், பிறகு வடிவமைப்பைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். அதே வட்டாரத்தின் தோள்சீலைப் போராட்டம் இதற்குப் பதில் சொல்கிறது. மார்பை மறைக்கக் கூடாது என்று ஒடுக்கப்பட்ட நாடார் பெண்களுக்கு மிஷனரிகளின் மனைவியர் ஒரு குப்பாயம் வகுத்துக் கொடுத்தார்கள். தொளதொளவென்ற மேல்சட்டை அது. மானத்துக்கு அதுவே போதும் என்று நினைத்தார்கள். உடுத்தியவர்கள் அதோடு நிற்கவில்லை. குப்பாயத்தின்மேல், உயர்சாதிப் பெண்கள் போடுவதுபோலத் தோள்சீலையையும் போட்டுக்கொண்டார்கள். மோதல் வெடித்தது அங்கேதான். 1829இல் வந்த அரசு அறிவிப்பு கிறிஸ்தவ நாடார் பெண்களுக்குக் குப்பாயத்தை அனுமதித்து, தோள்சீலையைத் தடுத்தது. 1859இல் நாடார் பெண்கள் எல்லாரும் குப்பாயம் அணியலாம், முரட்டுத் துணி போர்த்தலாம் என்று அரசு இளகியபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை நின்றது. துணியின் அளவு, போடும் விதம், ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கும் முறை என்று ஓர் அரசாங்கமே ஆணையிட வேண்டியிருந்ததென்றால், அந்தப் பெண்கள் செய்தது வெறும் உடுத்துதல் அல்ல. கையில் கொடுத்த வடிவத்தை ஏற்று, அதைத் தங்கள் கணக்கில் மாற்றி, அதன் பொருளையே புரட்டிப்போட்டார்கள். உடை வடிவமைப்பு செய்ய வேண்டிய காரியம் இதைவிட வேறென்ன என்று எனக்குத் தெரியவில்லை.

தையல் இயந்திரம் வந்த பிறகு பிரிவினை வேறு உருவம் எடுத்தது. ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல். இந்தியாவில் அவருடைய நிறுவனத்தின் விற்பனை பின்னாளில் பம்பாயில் ஒரு பார்சி முகவர் வழியாகச் சூடுபிடித்தது. கடைகளில் இயந்திரத்தில் உட்கார்ந்தவர்கள் ஆண்கள். அங்கும் எல்லா ஆண்களும் சமம் அல்ல. மேசை முன்னால் சாக்கட்டியும் கத்தரியுமாக நிற்பவர் கட்டிங் மாஸ்டர். அவருக்குக் கீழே தைப்பவர்கள். அவர்களுக்கும் கீழே காஜா எடுத்து ஹெம்மிங் அடிக்கும் பையன்கள். காஜாவிலிருந்து கத்தரிக்கு வர ஒருவனுக்கு வருடக்கணக்கில் ஆகும். அப்படி வர ஒரு பாதையாவது அவனுக்கு இருந்தது. பெண்களுக்கு இயந்திரம் வீட்டுக்குள் வந்தது. கடை மேசை வரவில்லை. இயந்திரங்களைப் பற்றி அத்தனை எச்சரிக்கையாக இருந்த காந்தி 1924இல் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தபோது, மனைவி படும் சிரமத்தைப் பார்த்துச் சிங்கர் அன்பினால் கண்டுபிடித்தது என்பதையே காரணமாகச் சொன்னார். குடும்பத்தின் கருவி என்ற அந்தப் பார்வைதான் பெண்களின் தையல் கல்வியை நெடுங்காலம் ஆண்டது.

விடுதலைக்குப் பிறகு தமிழ்நாட்டில் அந்தக் கல்விக்கு அரசு முத்திரை கிடைத்தது. அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம், தையல், இசை, கைத்தறி நெசவு ஆகியவை ஒரே அறிவிக்கையில் வருகின்றன. ஒவ்வொன்றிலும் கீழ்நிலை, மேல்நிலை என இரு படிகள். ஓவியமும் தையலும் ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சாகியும் தனித்தனிச் சான்றிதழ்களாகவே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து வாங்கியவருக்குத் தனிப் பெயரோ தனி வழியோ கிடையாது. தையல் சான்றிதழ் ஆசிரியர் பயிற்சிக்கும், அதன் பிறகு பள்ளித் தையல் ஆசிரியர் வேலைக்கும் இட்டுச் செல்கிறது. இன்னொரு பக்கம் நலத்திட்டம். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் மாற்றுத்திறனாளிகளும் தையல் பயின்ற சான்றோடு விண்ணப்பிக்கலாம். எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்திய திட்டம் அது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் தையல் கற்பது என்றாலே ஆதரவற்ற பெண்ணுக்கான கடைசிப் பிடிமானம் என்ற எண்ணம் சமூகத்தில் வேரோடியதற்கு, அந்தக் கல்வி அரசு ஆவணங்களில் இந்த ஒரு கதவின் பக்கமாகவே பெரும்பாலும் தென்பட்டதும் காரணம்.

இனி, தையல் வெறும் கைப்பழக்கம் என்ற வாதத்துக்கு வருவோம். தையல் வகுப்பு மாணவியின் ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் முதல் பக்கங்களில் ஹெம்மிங், பிளீட், காஜா, ஒட்டு என்று சிறு துணித் துண்டுகள் ஒட்டியிருக்கும். அடுத்து ஜாப்லாவில் தொடங்கி ஃபிராக், பாவாடை, ஜாக்கெட், சுடிதார் என்று பழுப்புத் தாளில் நாலில் ஒரு பங்கு அளவில் வரைந்து வெட்டிய படங்கள். மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்றால் நாலில் ஒன்று 9, அதோடு தளர்வுக்குக் கொஞ்சம். கழுத்து அகலத்துக்குப் பன்னிரண்டில் ஒன்று, 3. கைக்குழிக்கு ஆறில் ஒன்று, 6. இது கணக்கு. கைக்குழியின் முன்பக்க வளைவை எவ்வளவு உள்ளே இழுப்பது, டார்ட் நுனியை எங்கே நிறுத்துவது, நேர்வாக்கில் வெட்டுவதா கிராஸில், அதாவது சாய்வாக, வெட்டுவதா, கட்டோரியா பிரின்சஸ் கட்டா என்பவை கணக்கில் அடங்கா. எதிரில் நிற்கும் உடம்பைப் பார்த்து, தட்டையான துணி அந்த உடம்பில் ஏறி எப்படி நிற்கும் என்று மனசுக்குள் கண்டு எடுக்கும் முடிவுகள். இந்த முடிவைத்தான் பெரிய கல்லூரிகளில் பேட்டர்ன் மேக்கிங் என்று ஒரு முழுப் பாடமாக வைக்கிறார்கள். ஜராப்கரின் வெட்டுமுறை நூலும், சென்னையில் அச்சான மேரி மேத்யூஸின் ஆடைத் தயாரிப்பு நூலும் ஆடை வடிவமைப்புப் பட்டப் பாடத்திட்டங்களில் பார்வை நூல்களாக இருக்கின்றன. மாடி வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடும் சூத்திரங்களும் இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

ஃபேஷனின் தலைநகரம் என்று எல்லாரும் கைகாட்டும் பாரிஸின் வரலாறும் இதையே சொல்கிறது. மதலேன் வியோனே சிறுவயதிலேயே தையல்காரியிடம் வேலைக்குச் சேர்ந்தவர். துணியைக் கிராஸில் வெட்டி உடலோடு இழையவிடும் உத்தியால் 1920களில் உடையின் போக்கையே மாற்றினார். வரைந்து பார்ப்பதைவிடச் சின்ன மரப்பொம்மைமேல் துணியைச் சுற்றிப் பார்த்தே அவர் வடிவம் கண்டார். பாலென்சியாகாவின் தாய் தையல்காரி; அவரும் தையல் கடையில் பயின்றவர். கொக்கோ ஷனெல் ஊசி பிடிக்கக் கற்றது கன்னியர் மட அநாதை இல்லத்தில் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அந்த மடத்துக்கும் நாகர்கோவில் விடுதிப் பள்ளிக்கும் கற்பித்த பாடத்தில் பெரிய வேற்றுமை இருந்திருக்காது. வேற்றுமை பாடம் முடிந்த பிறகு வந்தது. பாரிஸில் தன் பெயரில் கடை திறக்க ஒரு சந்தை இருந்தது, கடன் கொடுக்க ஆளும் இருந்தார்கள்.

இருந்தாலும் ஒரு மறுப்பு வலுவானது, அதை மழுப்பக் கூடாது. ஒரே உடம்புக்கு அளவெடுத்துத் தைப்பது வேறு. பத்தாயிரம் டி-ஷர்ட்டுக்கு சைஸ் வாரியாக கிரேடிங் போட்டு, பின்னலாடை இழுவையையும் சாயச் சுருக்கத்தையும் முன்கூட்டிக் கணித்து, தையல் நிமிடத்தை விலையாக மாற்றுவது வேறு. தையல் பள்ளி இதைக் கற்பிப்பதில்லை, உண்மைதான். அதனால் திருப்பூர் தன் தேவைக்காகவே 1997இல் ஏற்றுமதியாளர் சங்கத்தின் துணையோடு பின்னலாடை வடிவமைப்புக்கெனக் கல்லூரி கண்டது. தேசிய ஆடை வடிவமைப்புக் கழகம் டெல்லியில் 1986இல் தொடங்கி 1995இல் சென்னைக்கும் வந்தது. அதன் நுழைவுத்தேர்வின் எழுத்துத் தாள்கள் ஓவியத் திறனையும் பொது அறிவையும் சோதிக்கின்றன. பொதுத்திறன் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. ஒரு ஜாக்கெட்டைக் குறையில்லாமல் வெட்டத் தெரிந்த தமிழ்வழி மாணவிக்கு அந்த அறிவைக் காட்ட அங்கே ஒரு கேள்விகூட இல்லை. கிரேடிங்கையும் கணினியில் பேட்டர்ன் போடுவதையும் ஓரிரு பருவங்களில் கற்றுவிடலாம். துணி விழும் விதம் பற்றிய கையறிவு அவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. அப்படியிருக்க, ஓவியத்தையும் பொது அறிவையும் சோதித்து இந்தக் கையறிவைப் புறக்கணிக்கும் வாசல் தகுதியை அளக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய சுவரைத்தான் அது காக்கிறது.

வயிற்றுப்பாட்டுக்குத் தையல் கற்க வந்தவர்களிடம் ஃபேஷன் கனவை விற்பது பாவம் என்போரும் உண்டு. அவர்களின் அக்கறை நியாயமானது. கைநிறையக் கட்டணம் வாங்கிக்கொண்டு வெறும் சான்றிதழ் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் சாதாரணத் தையலை ஆயத்த ஆடை ஏற்கெனவே விழுங்கிவிட்டது. பாவாடை, நைட்டி, பிள்ளைகளின் ஃபிராக், பள்ளிச் சீருடை என்று தெருத் தையல்காரியின் அன்றாட வருமானமாக இருந்தவை இன்று கடையில் தொங்குகின்றன. அளவெடுத்துத் தைக்க மிஞ்சியிருப்பதில் முதன்மையானது ஜாக்கெட். அதிலும் காசு தருவது கழுத்து வடிவமும் ஆரி வேலையும் உள்ள மணப்பெண் ஜாக்கெட். அங்கே கூலி தையலுக்கு மட்டும் கிடைப்பதில்லை. முதுகில் என்ன உருவம் வர வேண்டும், புடவைக் கரையின் எந்த நிறத்தைக் கையில் எடுப்பது என்ற முடிவுக்கும் சேர்த்தே கிடைக்கிறது. வடிவமைப்பு இந்தப் பெண்களுக்கு ஆடம்பரம் அல்ல. தொழிலில் மீதி இருக்கும் பங்கு அதுதான். ஐடிஐகளில் தையல் தொழில்நுட்பமும் ஃபேஷன் டிசைனும் இன்று தனித்தனிப் பிரிவுகளாகவே நடக்கின்றன. கோவை, திருப்பூர்ப் பக்கத்துக் கலைக்கல்லூரிகளில் ஆடை வடிவமைப்புப் பட்டப்படிப்பு பிளஸ் டூ முடித்தவருக்குத் திறந்திருக்கிறது. அரசே நடத்தும் ஓவிய, தையல் தேர்வுகள் இரண்டிலும் மேல்நிலை தேறியவருக்கு இந்தப் படிப்புகளில் தனி ஒதுக்கீடும், நுழைவில் ஒரு வெட்டுமேசைத் தேர்வும், அந்தத் தேர்வு தமிழிலும் இருந்தால் போதும். இதற்குப் புதிதாகக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.