ரவிக்கை வந்தது, வெட்டுத்துணியும் வந்தது



சென்ற காலாண்டில் நம் கழிவுநீர் மோட்டார் இரண்டு முறை நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். மெக்கானிக் உள்ளே கைவிட்டு இழுத்தபோது வந்தது ஒரு பிடி துணி நாடா, ரவிக்கை வெட்டிய ஓரங்கள். யார் வீட்டிலிருந்து வந்தது என்று தெரியாது, தேடவும் வேண்டாம். ஆனால் அதன் பிறகு நடந்த கூட்டத்தில், "வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பதையே நிறுத்தச் சொல்வோம்" என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை எடுத்துக்கொள்ளப் போகிறோம். நம் குடியிருப்பில் தையல் மெஷின் சத்தம் கேட்கிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அதில் சில வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமே அந்த மெஷினிலிருந்துதான் வருகிறது. கையைத் தூக்குவதற்கு முன்னால், இந்தத் துண்டுத்துணி நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று கொஞ்சம் பாருங்கள்.

உங்கள் தாத்தாவின் வேட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆச்சியின் சேலையையும். தறியிலிருந்து இறங்கியபடியே உடம்பில் ஏறிய துணி அது. கத்தரி படவில்லை, அதனால் மிச்சமும் இல்லை. வேட்டி நைந்தால் துண்டு, துண்டு நைந்தால் பிள்ளைத்துணி, அதுவும் போனால் விளக்குத் திரி. பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி போடுவது இன்னும் நம் வீடுகளில் இருக்கிறதே, அது சாஸ்திரம் மட்டுமல்ல, பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணியில் கிடைக்காது.

அப்படியென்றால் அந்தக் காலத்தில் தையலே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளர் வரிசையில் துன்னகாரர் என்று தையல்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு அடுத்தாற்போல், கிழியிலும் நெட்டியிலும் பல வேலைகள் செய்தவர்களும் வருகிறார்கள். கிழி என்றால் துணி. இன்றும் விழா மேடையில் 'பொற்கிழி' கொடுக்கிறோமே, அந்தக் கிழிதான். ஆக, துணியை வைத்துக் கைவேலை செய்தே பிழைத்தவர்கள் அன்றே இருந்திருக்கிறார்கள். ஆனால் தைத்த உடுப்பு எல்லார் உடம்புக்கும் உரியதாக இல்லை.

இங்கிருந்து தெற்கே நாகர்கோவில் பக்கம் போனால் அந்தக் கதை கசப்பானது. அன்று அது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். நாடார் முதலிய சமூகத்துப் பெண்கள் மார்பை மறைப்பது அங்கே தடைசெய்யப்பட்டிருந்தது. 1810-களில் கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. குப்பாயம் என்பது தைத்த தளர்வான சட்டை. அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் சட்டைகள் தெருவிலேயே கிழிக்கப்பட்டன. மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்று 1829-ல் அரசாணையே வந்தது. கலவரங்கள் அடங்கவில்லை. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் அழுத்தம் கொடுத்த பிறகு, 1859 ஜூலை 26-ல்தான் உத்தரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஆணையிட்டார். அப்போதும் மேல்சாதியார் போடும் விதத்தில் போடக்கூடாது என்று ஒரு நிபந்தனை. அரை நூற்றாண்டு இழுத்த சண்டை அது. கக்கத்துக்கு வளைவாக வெட்டி எறிகிற அந்தத் துண்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ரவிக்கை பரவியபோது மெஷினும் வந்தது. ஐசக் சிங்கர் தன் காப்புரிமையைப் பெற்றது 1851-ல். காந்தியடிகளுக்கு இயந்திரங்கள் ஆகாது என்பது நமக்குத் தெரியும். 1924-ல் டெல்லியில் ராமச்சந்திரன் என்ற இளைஞர், "எல்லா இயந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா?" என்று அவரைக் கேட்டார். தையல் மெஷினுக்கு மட்டும் விலக்கு என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் செய்த கருவி அது என்றும் சொன்னார். (சிங்கரின் குடும்ப வாழ்க்கையைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். போகட்டும்.) கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பின்னாளில் டாக்டர் சௌந்திரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1930-களில் கல்கத்தாவில் உஷா மெஷின் வந்ததும் விலை எட்டும் தூரத்துக்கு இறங்கியது. நம் அரசும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரம் கொடுத்து வருகிறது. வீட்டில் இருந்தபடி கைக்காசு பார்க்க ஒரு பெண்ணுக்கு இதைவிடச் சுலபமான வழி இன்றும் குறைவு.

சரி, அந்த மிச்சமெல்லாம் அப்போது எங்கே போனது?

கொஞ்சம் காகிதமாகப் போனது. மரக்கூழ் காகிதம் 19-ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். அதற்கு முன் ஐரோப்பாவில் காகிதம் என்றால் கந்தல்துணியை ஊறவைத்து இடித்துச் செய்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புத்தகம் அச்சடிக்க ஆரம்பித்தபோது காகிதத் தட்டுப்பாடு வந்து, 1715-ஐ ஒட்டிப் பக்கத்துப் பொறையாறில் ஒரு காகிதப் பட்டறையே தொடங்கினார்கள். கடுதாசிப்பட்டறை என்று அங்கே ஓர் இடத்துக்குப் பெயர் இருக்கிறது. இன்று புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக் கைவினைக் காகிதக் கூடமும் பருத்தித் துணிக்கழிவில்தான் வேலை செய்கிறது.

கொஞ்சம் சாமிக்குப் போனது. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் சக்கரத்தையும் வடத்தையும்தான் எல்லாரும் பார்க்கிறோம். அடுத்த முறை தேரில் தொங்கும் துணியைப் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளில் யாளியும் தாமரையும் கிளியும் வெட்டி, இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் வேலை அது. உருளை உருளையாகத் தொங்குவதற்குத் தொம்பை என்று பெயர். ஒரு தாமரை இதழுக்கு உள்ளங்கை அகலத் துணி போதும்.

பெரும்பகுதி ஆலைக்கும் பட்டறைக்கும் போனது, போகிறது. எண்ணெய் துடைக்க மெக்கானிக் கையில் வைத்திருக்கும் 'பனியன் வேஸ்ட்' திருப்பூர் வெட்டுத்துணிதான். தரம் பார்த்துப் பிரித்த வெட்டுத்துணியைப் பிய்த்துப் பஞ்சாக்கி, கோயம்புத்தூர், பல்லடம் பக்கத்து ஓபன் எண்ட் ஆலைகளில் மறுபடி நூலாக நூற்கிறார்கள். உங்கள் வீட்டு மிதியடி அந்த நூலாக இருக்கலாம்.

இத்தனை வழி இருந்தும் நம் துணி ஏன் சாக்கடையில் கிடக்கிறது? காரணம் பாலியஸ்டர். 1960-களில் டெரிலின் சட்டை போட்டவர் மாப்பிள்ளை மாதிரி நடந்தார், ஞாபகமிருக்கிறதா? பிறகு டெரிகாட்டன், இப்போது சேலையிலிருந்து உள்பாவாடை வரை அதுவே. தண்ணீரை அது எளிதில் உறிஞ்சாது, கைக்காகிதம் ஆகாது, மக்கவும் மக்காது. ஒரே பையில் பருத்தியும் அதுவும் கலந்து கிடந்தால் பழைய துணிக்காரர் எடுப்பதில்லை, மொத்தமும் ராமையன்பட்டிக் கிடங்குக்குப் போகிறது. அங்கே தீப்பிடித்தால் கிளம்பும் புகையை தச்சநல்லூர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஆகவே என் யோசனை இது. தையலை நிறுத்த வேண்டாம், துணியைப் பிரிப்போம். வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு வைக்கலாம். ஒன்றில் பருத்தி மட்டும், மற்றதில் மீதி எல்லாம். எது பருத்தி என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி, தொட்டியடியில் வைத்து நெருப்புக் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையும் பொடிச் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டால் பாலியஸ்டர். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பருத்திச் சாக்கை எடுத்துக்கொள்ள மதுரை ரோட்டில் ஒரு லாரிப் பட்டறைக்காரர் சம்மதித்திருக்கிறார். காசு தரமாட்டார், வண்டி அனுப்புவார். மற்றச் சாக்கிலிருந்து தலையணைக்குத் திணிக்கவும் கொலுப் பொம்மைக்கு உடுத்தவும் வேண்டியவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளலாம். மீதியை மக்காத குப்பையோடு தனியாகக் கட்டிக் கொடுப்போம். விரல் அகலத்துக்குக் குறைந்த நாடாக்களைத் தயவுசெய்து ஒரு கவரில் முடிந்து போடுங்கள், மோட்டாருக்குள் போனது அந்த ரகம்தான்.

இன்னொன்று. பழைய ரவிக்கையைச் சாக்கில் போடும்போது கொக்கியையும் ஊக்கையும் எடுத்துவிடுங்கள். பட்டறையில் அதை வைத்துத் துடைக்கிற பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதுதான் இருக்கும், கையுறை எதுவும் போடுவதில்லை.