வீவக வீடு சொந்த வீடான கதை

1950களில் சிங்கப்பூர் நகரின் நடுவே, கடைவீட்டு மாடிகளில் பலகைத் தடுப்புக்கு ஒரு குடும்பம் என்று மக்கள் நெருங்கி வாழ்ந்தார்கள். நகரைச் சுற்றி, அத்தாப்புக் கூரை வேய்ந்த கிராமங்களான கம்பங்கள். 1927இல் பிரிட்டிஷார் அமைத்த மேம்பாட்டு அமைப்பு, 32 ஆண்டுகளில் கட்டியது சுமார் 23,000 வீடுகள்தான்.

1960 பிப்ரவரி 1 அன்று வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) பிறந்தது. லிம் கிம் சான் தலைமையேற்றார். மறு ஆண்டு மே 25இல் புக்கிட் ஹோ சுவீ கம்பம் எரிந்து சுமார் 16,000 பேர் வீடிழந்தபோது, அவர்களுக்கு வீடு கட்டித் தந்த வீவகவின் வேகம் நாட்டுக்கே தெரிந்தது. முதல் ஐந்தாண்டுகளில் 50,000 வீடுகளுக்கு மேல் எழுந்தன.

ஆனாலும் அவை வாடகை வீடுகள். 1964இல்தான் அரசு விற்க முன்வந்தது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளி, மூவறை வீடு 6,200 வெள்ளி. அந்த விலைக்கும் முன்பணம் கட்டப் பலரிடம் சேமிப்பு இல்லை. 1968இல், கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதிப் பணத்தை வீட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று சட்டம் திருத்தப்பட்ட பிறகே தொழிலாளர் குடும்பங்கள் திரளாக விண்ணப்பித்தன.

இத்தனை வீட்டுக்கும் நிலம் எங்கிருந்து வந்தது? 1966இன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் தந்தது. 1973 திருத்தம் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. நிலம் இழந்தவர்களுக்கும் கம்பம் கலைந்தவர்களுக்கும் அது பெரிய வலி. மலிவான வீட்டின் விலையில் அவர்கள் பங்கும் உண்டு. அதை மறக்கக் கூடாது.

நிலத்தையும் வீட்டையும் ஒரே அரசு கவனிப்பது எல்லா நாட்டிலும் இல்லை. அமெரிக்காவில் மனை குறைந்தது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பொதுவாக அந்தந்த நகராட்சியே விதிக்கிறது. சின்ன வீட்டுக்குப் பல நகரங்களில் இடமில்லாமல் போகிறது. அந்த விதியைத் தளர்த்தவே டெக்சாஸ் மாநிலம் 2025இல், பெரிய நகரங்கள் கேட்கக்கூடிய குறைந்தபட்ச மனை அளவுக்கு வரம்பு விதித்தது. சிங்கப்பூரிலோ 1959இலேயே நகர மன்றத்தின் பொறுப்புகள் அரசின் கைக்கு வந்துவிட்டன. திட்டமிட்டதும் நிலம் எடுத்ததும் கடன் தந்ததும் ஒரே அரசு.

தேக்கா நிலையச் சந்தைக்கு மேல் நிற்கும் வீவக புளோக்குகளும் இந்த வரலாற்றின் பிள்ளைகளே. இன்று சில வீவக வீடுகள் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் மறுவிற்பனையாகின்றன. முதல் வீடு தேடும் இளம் தம்பதிக்கு 1964 சொல்வது இன்றும் பொருந்தும்: வாங்குபவரின் சம்பளத்தைப் பார்த்துத்தான் முதல் வீட்டுக்கு விலை வைக்க வேண்டும். அந்தப் பொறுப்பைச் சந்தையிடம் விட்டுவிட முடியாது.