பழவேற்காட்டு மீன் சுமையும் சைக்கிள் டயரும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் நெடுங்காலம் நீர்வழியையே நம்பியிருந்தன. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிப் பின்னர் ஏரியைக் கடந்து வடக்கே நீண்ட கால்வாய், 1877–78 பஞ்ச நிவாரணப் பணியில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, ஆளுநர் பக்கிங்காமின் பெயரைப் பெற்றது. 1965–66, 1976 ஆண்டுகளின் புயல்களால் அது சிதைந்து தூர்ந்து, படகுப் போக்குவரத்து நலிந்தபின், மீன் சுமை பெரும்பாலும் சாலைக்கு மாறியது.

தமிழகக் கடற்கரையெங்கும் அச்சுமையை உள்ளூர்களுக்குக் கொண்டு சென்றவர்களுள் சைக்கிள் வியாபாரி, அதாவது பின்கேரியரில் மீன் கூடையைக் கட்டி ஊர் ஊராக விற்பவர், முக்கியமானவர். 1949இல் தொடங்கப்பட்டு அம்பத்தூரில் இயங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் இவ்வண்டியைச் சென்னை வட்டாரத்திலேயே உற்பத்தி செய்தது.

1888இல் டன்லப் உருவாக்கிய காற்றடைத்த டயரில் சுமையைத் தாங்குவது ரப்பரைவிட உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமே. ஆகவே மீனும் ஐஸும் ஏறிய பின்சக்கரத்தில் காற்று குறைந்தால், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் இடையே நசுங்கி இரட்டைக் கிழிசல் காணும். காற்றை உள்ளே நிறுத்தும் வால்டியூப், அதாவது வால்வின்மேல் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழல், வெயிலில் இற்றுப்போகக்கூடியது என்பதால், மாற்றுத் துண்டொன்றை உடன் வைத்திருப்பது பயனுள்ள முன்னேற்பாடாகும்.

முள்ளோ வேறு வகைத் தொல்லை. கால்வாய்க்குப் பெயர் கிடைத்த அதே காலத்தில், 1877இல், இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் இக்கரைகளிலும் பரவியது. பஞ்சர் ஒட்டுபவர் டியூபைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழியால் ஓட்டையைக் கண்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது சற்று உலர்ந்தபின் ஒட்டுப் போடுவார். ஆனால் டயரின் உட்புறத்தை விரலால் தடவி முறிந்த முள்நுனியை எடுக்காவிட்டால் புதிய ஒட்டும் பயனற்றுப்போகும்.

1980இல் சந்தைக்கு வந்த டி.வி.எஸ். 50 மொபெட் சைக்கிளின் சுமையைப் பின்னர் ஏற்றுக்கொண்டபோதும், அதுவும் காற்றடைத்த டயரிலேயே ஓடியதால் பஞ்சர் கடையின் தேவை குறையவில்லை. கால்வாயைத் தூர்வார அரசின் நிதியும் ஆட்படையும் வேண்டியிருக்க, சைக்கிளைப் பராமரிக்க ஒரு பம்பும் ஒரு தொட்டித் தண்ணீரும் பழகிய கையும் போதுமாயிருந்தன. படகிலிருந்து சக்கரத்துக்கு நேர்ந்த மாற்றத்தில் வேகத்துக்கு நிகரான பங்கு இவ்வெளிமைக்கும் உண்டு.